அண்ணன் எடுக்காத சபதம்

டி.வி.யில் மறுபடியும் அந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது. மூன்று மொழியா இரண்டு மொழியா என்று நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். கத்துகிறவர்களில் ஒருவருக்கும் அறுபத்தைந்தில், அந்தப் போராட்டம் நடந்தபோது, பால்பல்கூட முளைத்திருக்காது. மேற்குத் தாம்பரத்தில் எஞ்சின் கரியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வளர்ந்த நம்மை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். அதனால் நானே சொல்கிறேன். முட்டிவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

நாங்கள் இருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. அண்ணன் கல்லூரியில் கெமிஸ்ட்ரி. நான் மூன்றாம் வகுப்பு. அம்மா எங்கள் மூன்று பேரையும் கட்டி மேய்த்தாள்.

அந்த வருஷம் அப்பாவுக்கு இந்தி வந்தது, சிலருக்குச் சர்க்கரை வியாதி வருகிற மாதிரி. ஆபீஸில் எல்லோரும் இந்திப் பரீட்சை எழுத வேண்டும், பாஸ் பண்ணாவிட்டால் இன்க்ரிமென்ட் நின்றுவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நிஜமா என்று ஒருத்தர் விசாரிக்கவில்லை. அப்பா டூட்டி முடிந்து வகுப்புக்குப் போய்விட்டு வருவார். காகிதம் வீணாகும் என்று என் சிலேட்டை வாங்கி, தொப்பை இடிக்கத் தரையில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுவார். நான் பலப்பத்தைச் சீவிக் கொடுப்பேன். எனக்கு ஒரே பெருமை, அப்பாவும் என் கிளாஸ்தான் என்று.

இந்தியில் ஒரு பேஜார் என்னவென்றால், நூறு வரைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிப் பேர். நம்மைப் போல இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று ஒட்டிக்கொண்டே போக முடியாது. அப்பா காலையில் ஜன்னலோரம் கண்ணாடியை மாட்டி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு, ஷேவ் பண்ணிக்கொண்டே மனப்பாடம் செய்வார். "ஏக், தோ, தீன், சார், பாஞ்ச்..." பீஸ் வரைக்கும் ரயில் மாதிரி போகும். பீஸ் என்றால் இருபது. அங்கே சிக்னல் கிடைக்காமல் நின்றுவிடும்.

உடனே போர்வைக்குள்ளிருந்து அண்ணன் நாடகத்து ராஜா குரலில் எடுத்துவிடுவான். "இக்கீஸ், பாயீஸ், தேயீஸ், சௌபீஸ், பச்சீஸ்!"

"ஏண்டா, நீதான் இந்தி வேணாங்கற கட்சியாச்சே. உனக்கு எப்படிடா வருது?"

"நான் எங்கப்பா கத்துக்கிட்டேன்? தினம் காலைல காதுல ஊத்தறீங்க. பூசணிக்கா மூட்டையை எண்றதுக்கு இந்தி வேணும்னு பூசணிக்கா கேட்டுச்சா?"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார், நுரை மூக்கில் ஏறும். எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

அண்ணன் கேட்டதில் தப்பே இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஒருநாள் அப்பாவிடம் அவன் நேராகவே சொன்னான். "அவங்க பாஷை மேல எனக்கு என்னப்பா கோவம்? அவங்க வீட்ல அவங்க பேசட்டும். என் தலைமேல ஏறி உக்காராம இருந்தா சரி." அப்பா எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தார். சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம். சுவருக்கும் காது இருக்கும் என்று பயப்படுகிற ஜாதி.

தை மாதம் வந்தது. இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தெருவில் வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி. குவார்ட்டர்ஸில் ஏற்ற முடியுமா? அண்ணன் அப்பாவின் பழைய குடைத் துணியைக் கிழித்துக் கொல்லைப்பக்கத்துக் கம்பியில் கட்டினான். அப்பா டூட்டிக்குப் போகும்போது அவிழ்த்துச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் மறுபடி கட்டுவான். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. குடையில்லாமல் அப்பா அந்த வருஷம் முழுக்க நனைந்தார்.

ஸ்டேஷன் போர்டில் இந்தி வரிக்குத் தார் பூசுவது அப்போது ஊரெங்கும் நடந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணன் இரண்டு தடவை பூசினான். கையெல்லாம் தாரோடு வருவான். அம்மா கிருஷ்ணாயில் துணியை வைத்துத் தேய்த்து எடுப்பாள். "அங்க உங்கப்பன் சோறு சம்பாதிக்கிறாண்டா" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பாள். அந்தத் தாரும் கிருஷ்ணாயிலும் கலந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. ரோடு போடுகிற இடத்தை இப்போதும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

மூன்றாவது தடவை, பிளாட்பாரக் கோடியில், சிநேகிதன் ஒருவனின் தோள்மேல் ஏறி நின்று பூசிக்கொண்டிருந்தான். யாரோ விசில் ஊதினார்கள். கூட்டம் கலைந்தது. தோள் கொடுத்தவனும் ஓடினான். அண்ணன் தலைகீழாகக் கீழே விழுந்தான், தண்டவாளத்து ஜல்லியில். சத்தம் கேட்டு ஓடி வந்த முதல் ஆள் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. தூக்கியபோதுதான் அது தன் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் சட்டையில் பாதி ரத்தம், பாதி தார். அம்மா அந்தச் சட்டையைத் துவைக்கவே இல்லை, அடுப்பில் போட்டுவிட்டாள்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தான். உயிர் பிழைத்தான். வலது கை சரியாகத் தூக்க வரவில்லை, எழுதவும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், தலையாட்டுவான், வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். "பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க, வரும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து சில வாரம் ஆகியிருக்கும். இந்தி வகுப்புக்குப் போவதை அப்பா நிறுத்தியிருந்தார். ஆனால் கைப்பழக்கம் மாதிரி வாய்க்கும் ஒரு பழக்கம் இருக்கிறதே. ஒரு காலையில் நுரை தடவிக்கொண்டு, தன்னை அறியாமல், "ஏக், தோ" என்று முணுமுணுத்தார்.

கட்டிலிலிருந்து, "தீன், சார், பாஞ்ச்."

அப்பாவின் கையிலிருந்து ரேசர் விழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தன் குரலைத் தானே கேட்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, நிறுத்தாமல் போகிறான். இருபதைத் தாண்டினான். அப்பா ஒருநாளும் தாண்டாத இருபது.

"அம்மான்னு சொல்லுடா என் ராசா. அம்மா..." அம்மா அவன் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஆசை ஆசையாக வாயைக் குவித்தான். "சத்தாயீஸ்" என்றான். இருபத்தேழு.

அப்புறம் அப்பா போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஏன் சாத்தினார் என்று சின்னப் பெண்ணுக்கு எங்கே புரியும்? வெளியே தெருவில் அண்ணன் அதற்குள் பெரிய ஆள் ஆகியிருந்தான். விழுந்தவன் என்று யாரும் சொல்வதில்லை, தடியடி வாங்கியவன் என்றுதான் பேச்சு. டீக்கடையில் இலவச டீ, சலூனில் இலவச கிராப்பு, அப்பாவைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்குகிறார்கள். அப்பேர்ப்பட்ட பிள்ளை வாயைத் திறந்தால் இந்திதான் வருகிறது என்று தெரிந்தால்? "காறித் துப்புவாங்கடி" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "அவனுக்கு அது சாவை விடக் கேவலம்." அண்ணனுக்காகத்தான் பயந்தார். அதை நான் நம்புகிறேன்.

எனக்கு மட்டும் வீட்டுக்குள் கொண்டாட்டம். அண்ணன் எண்களாலேயே பேசினான். தண்ணீர் வேண்டுமானால் இறங்கிய குரலில் "பாரா", பன்னிரண்டு. கோபம் வந்தால் "பச்சீஸ்!" என்னைக் கிண்டல் பண்ணவும் ஒரு எண் வைத்திருந்தான், மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொல்வான். எனக்கு எல்லாம் புரிந்தது. அம்மா உள்ளே வந்து உதட்டில் விரலை வைப்பாள். நிறுத்திவிடுவோம்.

கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு வருகிற மீன்காரம்மா ஒருநாள் வாசலில் நின்று காதைக் கொடுத்தாள். "இன்னாம்மா, உள்ள சேட்டு யாராச்சும் வந்துகீறாரா?" அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரேடியோ என்று சொல்லிச் சமாளித்தாள். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அன்றோடு மீன் நின்றது. "வூட்டாண்ட வந்தா கதவ சாத்திக்கிறியே, நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று அவள் தெருவில் நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு படிப்பகத்து அண்ணன் வந்தார். தெருமுனைப் படிப்பகத்தை நடத்தியவர், நல்ல மனிதர், மீசையும் துண்டுமாக இருப்பார். மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் கூட்டம், அண்ணனை மேடையேற்ற வேண்டும் என்றார்.

"அவனால பேச முடியாதுங்க. உடம்பு தேறல" என்றார் அப்பா.

"பேச வேண்டாம் ஐயா, வந்து உட்காரட்டும், போதும். அவர் இனிமேல் உங்கள் பிள்ளை மட்டுமில்லை, தமிழ்நாட்டின் பிள்ளை."

"பெத்தது நானு, கஞ்சி ஊத்தறது நானு" என்று அம்மா உள்ளே முனகினாள். அண்ணன் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து கண் பளபளக்கத் தலையாட்டினான். போக ஆசை அவனுக்கு. போனோம்.

அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள், சம்பங்கி மாலை போட்டார்கள். நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். அப்பா மேடைக்குப் பின்னால், திருடன் மாதிரி ஒண்டி நின்றார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் படிப்பகத்து அண்ணனுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. மைக்கைக் கழற்றி எடுத்து அண்ணன் வாய்க்கு நேரே நீட்டினார். "ஒரே ஒரு சொல். 'தமிழ் வாழ்க' என்று உங்கள் வாயால் ஒரே ஒருமுறை."

கூட்டம் அடங்கிவிட்டது. அண்ணன் மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. அம்மா என் தொடையை நகம் பதியப் பிடித்தாள்.

அப்பா பாய்ந்து மேடை ஏறினார். வாழ்நாளில் நாலு பேருக்கு முன்னால் இருமக்கூடக் கூசுகிற மனிதர். இடது கையால் அண்ணனின் வாயைப் பொத்தினார். வலது கையால் மைக்கைப் பிடித்தார். "அவன் பேச மாட்டான்" என்றார். "இந்தி இந்த மண்ண விட்டுப் போற வரைக்கும் வாயத் திறக்கறதில்லைன்னு சபதம் எடுத்திருக்கான். எங்கிட்ட எழுதிக் காட்டினான். தயவு பண்ணி யாரும் அவனைப் பேசச் சொல்லாதீங்க."

அடேயப்பா, அந்தக் கைதட்டல்! மைதானமே எழுந்து நின்றது. பெண்கள் அழுதார்கள். படிப்பகத்து அண்ணன் அப்பாவின் காலைத் தொடக் குனிந்தார். அண்ணன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பொத்திய விரல்களுக்கு மேலே இரண்டு கண் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் கைதட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் சுவரெல்லாம் அண்ணன் பேர், "மௌன வேங்கை" என்ற பட்டத்தோடு. அப்பா ஒரு அவசரத்துக்குச் சொன்ன பொய்தான். சமயத்துக்கு நன்றாகத்தான் உதவியது. அதன் விலை அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், தெரிந்தது.

ஆராதனைக்கு அண்ணனையும் கூட்டிப் போயிருந்தோம். அவனுக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது, ஆனால் சின்ன வயசில் பாடகர் குழுவில் இருந்தவன், கீர்த்தனை அத்தனையும் தலைகீழாகத் தெரியும். ஆர்மோனியம் எடுத்தது, சபை எழுந்து பாடியது. நான் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவில். இரண்டாம் சரணத்தில் என் தலைக்கு மேலே ஒரு குரல் சேர்ந்தது. முதலில் ராகம் மட்டும். அப்புறம் சொல். தமிழ்ச் சொல்! ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு முழு அடி, துளி பிசகில்லாமல். நான் அண்ணாந்து பார்த்தேன். அண்ணன் பாடிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் ஆச்சரியம்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்துவிட்டாள். முன் பெஞ்சில் சபை மூப்பர் திரும்பினார். மைதானத்துக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர் அவர். "என்ன சார், தம்பி பாடறானே?" என்றார். சந்தோஷமாகத்தான் கேட்டார் என்று இப்போது படுகிறது.

அப்பாவுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. சபதம் என்னாச்சு, பொய்யா, ஊரை ஏமாற்றினாயா என்று கேட்டது. கை தானாகப் போய் அண்ணன் வாய்மேல் உட்கார்ந்தது. "இல்லீங்க, இருமல், இருமல்" என்று சொல்லிக்கொண்டே அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார். நானும் ஓடினேன். வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் அண்ணன் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். கோயிலைக் காட்டினான், தன் வாயைக் காட்டினான், மறுபடி கோயிலைக் காட்டினான். உள்ளே பாட்டு முடிந்துகொண்டிருந்தது.

"தெரியுதுடா, கேட்டேண்டா" என்று அப்பா அழுதார். "இப்ப வேணாண்டா. ஊரே சிரிக்கும். உன்னைத்தான் பொய்யன்னு சொல்லுவாங்க. கொஞ்ச நாள் போகட்டும்."

அதன்பின் அண்ணனைக் கோயிலுக்குக் கூட்டிப் போகவில்லை. வீட்டிலும் பாட்டு நின்றது. யாராவது வந்தால் முதலில் அப்பாவின் கை வேண்டியிருந்தது. பிறகு அப்பாவின் பார்வையே போதும் என்று ஆயிற்று. அப்புறம் அதுவும் வேண்டாம், கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் அண்ணனே இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வான். எண்களும் குறைந்தன. மூக்கைச் சுருக்கி என்னைக் கிண்டல் பண்ணுகிற அந்த எண்ணும் ஒருநாள் போயிற்று. எந்த எண் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு இப்போது ஞாபகம் வருவதில்லை.

ஊர் மறந்துவிட்டது. சுவரில் வேறு பேர்கள் வந்தன. படிப்பகத்து அண்ணனுக்கு வேலை ஜாஸ்தியாகிவிட்டது. இந்திப் பரீட்சை எழுதாத குமாஸ்தாக்களுக்கும் இன்க்ரிமென்ட் வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா சாகிறபோது அண்ணனின் கையைப் பிடித்து, "பேசுடா, இப்ப பேசு" என்றார். அண்ணன் மறு கையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெருங்களத்தூரில் இந்த அடுக்குமாடிக்கு வந்தபின் அவன் என்னோடுதான் இருக்கிறான். என் மருமகள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் கதையைச் சொன்னேன். கோயில் கட்டம் வந்ததும், "ஐயோ, என்ன அத்தை!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டா வார்த்தை வந்துச்சுன்னா அங்கதான் பிடிச்சு இழுக்கணும். தலைல அடிபட்டவங்களுக்கு மனப்பாடமானதுதான் முதல்ல வரும், அந்த எண்ணுங்க வந்த மாதிரி. எத்தனை பேர் அப்படித்தான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. தினம் பாட வெச்சிருந்தா மாமா பேசியிருப்பார் அத்தை." அவளும் பாடிப் பார்த்தாள், நானும் என் கரகர குரலில் பாடிப் பார்த்தேன். எங்களைப் பார்த்ததுமே அவன் கை வாய்க்குப் போய்விடுகிறது.

போன வாரம் காலையில் அவனைக் கீழே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது வாசலில் தண்ணீர் கேன் வண்டி நின்றது. வாட்ச்மேன் பீகார்ப் பையன், பிழைக்க வந்து வருஷக்கணக்காகிறது, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவான். எண்ணுவது மட்டும் அவன் பாஷையில்தான். கேனை இறக்கி இறக்கி எண்ணிக்கொண்டிருந்தான். "அட்டாரா, உன்னீஸ், பீஸ்..." யாரோ கூப்பிட்டார்கள் போல, நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"இக்கீஸ்" என்றது நாற்காலி. "பாயீஸ், தேயீஸ், சௌபீஸ், பச்சீஸ்!"

அதே நாடகத்து ராஜா குரல். துருப்பிடித்த குரல்தான், ஆனால் அதுவேதான். பால் பாக்கெட்டோடு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாட்ச்மேன் பையன் வாயெல்லாம் பல்லாக, "மேடம், மேடம், தாத்தா பேசுது! நல்லா பேசுது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

அண்ணன் திரும்பினான். என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. இடது கை மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது.

"பேசுண்ணா, யாரும் இல்லண்ணா, எல்லாரும் போயிட்டாங்கண்ணா" என்று நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். எண்பது வயசுக் கை, எலும்பும் தோலும்தான். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். எடுக்க முடியவில்லை.